சடைச்சிக் கரடியும் வாழைநார் டோப்பாவும்

ஒரு காட்டுக்குள்ள ஒரு குட்டை. அந்தக் குட்டைக்குத் தண்ணி குடிக்க சடைச்சின்னு ஒரு கரடி வருவா. தூரத்துல இருந்து பாத்தா கரடி வர்ற மாதிரியே இருக்காது. ஒரு வைக்கோல்போரு தானா எந்திரிச்சு தாகத்துக்கு வர்ற மாதிரி இருக்கும்.

அவ்வளவு முடி. கழுத்துல ஆரம்பிச்சு தோள் வழியா முதுகு வரைக்கும் கருகருன்னு, கம்பி கம்பியா. மேல விழுந்த மழை தோலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மழையே நின்னுரும். அப்படியும் ஒருவாட்டி நல்லா நனைஞ்சிருச்சுன்னா, அடுத்த மழை வரைக்கும் காயாது.

அந்த முடிக்குள்ள என்னென்ன கிடக்குன்னு சடைச்சிக்கே தெரியாது. ஒருவாட்டி பலாப்பழம் தின்னுட்டு கொட்டையைத் தொலைச்சுட்டா. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா, வலது தோள்ல ரெண்டு இலை விட்டுச் செடி நிக்குது. இன்னொருவாட்டி ஒரு தவிட்டுக்குருவி உள்ள புகுந்து முட்டையே வச்சிருச்சு. குஞ்சு பொரிச்சுப் பறக்குற வரைக்கும் சடைச்சியால அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலை. போகும்போது அந்தக் குருவி வாடகையா ஒரு புழு கூடக் குடுக்கலை.

சடைச்சிக்கு ஒரு குட்டி. பேரு உருண்டை. பேரைச் சொன்னாலே ஆளு எப்படி இருப்பான்னு தெரிஞ்சிருக்கும். கரடி வீட்டுல தொட்டில் கட்டுற வழக்கம் கிடையாது. அம்மா முதுகுதான் தொட்டில். ஊர் சுத்த அதுதான் வண்டி. மழை வந்தா அம்மா முடிதான் கூரை. உருண்டை நாள் முழுக்க அங்கேயே கிடப்பான். சடைச்சி அவனைத் தரையில இறங்க விடமாட்டா.

ஏன்னா அந்தக் காட்டுல ஒரு சிறுத்தை சுத்திக்கிட்டு இருந்துச்சு. பெரிய கரடிகிட்ட அது வம்புக்கு வராது. கரடி அறைஞ்சா என்ன ஆகும்னு அதுக்குத் தெரியும். ஆனா குட்டி தரையில தனியா நின்னா விடாது. போன கோடையில பாறைக்கரடி வீட்டுக் குட்டி ஒண்ணு ஈசல் பிடிக்க ஆசைப்பட்டு அம்மா முதுகுல இருந்து இறங்குச்சு. இறங்குனதுதான். திரும்ப ஏறலை.

அதனால சடைச்சி தன் குட்டிக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் குடுத்திருந்தா.

"நான் 'புடிச்சுக்கோ'ன்னு சொன்னா என்ன பண்ணணும்?"

"ரெண்டு கையாலயும் முடியை இறுக்கிப் புடிக்கணும்."

"அப்புறம்?"

"மூஞ்சியை முடிக்குள்ள புதைச்சுக்கணும். கண்ணைத் திறக்கக்கூடாது."

"எப்ப விடணும்?"

"நீ 'போதும்'னு சொன்னா விடணும். சொல்லலைன்னா விடக்கூடாது."

"என் தங்கம்."

இந்த ஒரு விஷயத்துல உருண்டை கெட்டிக்காரன். தூக்கத்துல 'புடிச்சுக்கோ'ன்னு சொன்னாக் கூட கை தானா முடியைப் போய்ப் பிடிச்சுக்கும்.

சரி, முடி கதைக்கு வருவோம். அதை அடக்குறதுக்கு சடைச்சி பண்ணாத வேலை இல்லை. இலுப்பை எண்ணெய் தடவிப் பாத்தா. முடி படியலை, ஊர்ல இருக்குற எறும்பெல்லாம் வந்துச்சு. களிமண்ணைக் குழைச்சு அப்பிப் பாத்தா. காஞ்சதும் கழுத்து திரும்பலை. அன்னைக்கு முழுக்க நேராவே நடந்தா. பாதை வளையுற இடத்துல எல்லாம் இவ வளையாம மரத்துல முட்டிக்கிட்டா. கொடி வச்சு ஜடை போட்டுப் பாத்தா. ஜடை கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கொடி 'டப்'புன்னு அறுந்து, எதிர்ல சிவனேன்னு வந்த முயல் மூக்குல அடிச்சுது. அந்த முயல் இன்னைக்கு வரைக்கும் அவ வந்தா வேற பாதையில போகுது.

அவளுக்குப் பேச்சின்னு ஒரு சிநேகிதி. முள்ளம்பன்றி. சீப்புக்குப் பஞ்சமே இல்லாத ஆளு, முதுகு பூரா சீப்புதான். ஒரு நாள் அத்திமரத்தடியில சடைச்சியை உக்கார வச்சு, தன் முதுகுல நல்ல முள்ளா ஒண்ணைப் பிடுங்கிச் சீவ ஆரம்பிச்சா.

"அடியே, இது தலையா, தூர் வாராத கிணறா?"

"பேசாம சீவுடி."

"சீவுறேன். இதென்ன உள்ள, பாதி விளாம்பழம்?"

"குடு குடு. நேத்தெல்லாம் அதைத்தான் தேடினேன்." சடைச்சி வாங்கி வாயில போட்டுக்கிட்டா.

பேச்சி மூச்சைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா. 'படக்'. முள்ளுல பாதி கையில, மீதி முடிக்குள்ள. ரெண்டு பேரும் துழாவித் துழாவிப் பாத்தாங்க. உருண்டை கூட மேல இருந்து தேடுனான். கிடைக்கலை.

"விடு," ன்னா பேச்சி. "என்னைக்காவது குத்தும். அப்ப எடுத்துக்கலாம்."

சடைச்சிக்கு அழுகையே வந்துருச்சு. "எனக்கு இந்த முடியே வேண்டாம்டி. மான் வீட்டுக்காரங்களைப் பாரு. நக்கிவிட்ட மாதிரி பளபளன்னு இருக்காங்க."

"அவங்க நெசமாவே நக்கித்தான் விட்டுக்கிறாங்க. நீயும் நக்கிப் பாரு, நாக்குல ஜடை விழும்."

அன்னைக்குச் சாயங்காலமே மான் வீட்டு அம்மா கனகவல்லி கல்யாணத்துக்கு அழைக்க வந்துட்டா. மகளுக்குக் கல்யாணம், குட்டைக்கரை மைதானத்துல. காடே வருதாம்.

"சடைச்சி, நீ கட்டாயம் வரணும். ஆனா ஒண்ணு. கொஞ்சம் ஓரமா உக்காந்துக்கோ."

"ஏன்க்கா?"

"தப்பா நினைக்காதே. போன கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உன்னைப் புதர்னு நினைச்சு, பிள்ளையை உன் பின்னாடி கூட்டிட்டுப் போய் ஒண்ணுக்கு விட்டுட்டாங்க."

"அது அவங்கதானா? அன்னைக்கு மழைன்னுல்ல நினைச்சேன்!"

கனகவல்லி சிரிப்பை அடக்கிக்கிட்டுப் போயிட்டா. சடைச்சி குட்டைத் தண்ணியில தன் மூஞ்சியைத் தேடுனா. முடிதான் தெரிஞ்சுது. விலக்கிப் பாத்தா. இன்னும் கொஞ்சம் முடி தெரிஞ்சுது. முடிவு பண்ணிட்டா.

ஆலமரத்துல சிங்காரம்னு ஒரு குரங்கு கடை வச்சிருந்தான். பேன் பாக்குறதுல ஆரம்பிச்சவன். அப்படியே சிக்கெடுக்குறது, சவுரி வச்சு விடுறதுன்னு முன்னேறி, இப்ப டோப்பா கட்டுற அளவுக்கு வந்திருந்தான். வாய் இருக்கே, அது அவனுக்கு இன்னொரு கை.

"வாங்கக்கா வாங்க. எங்க இருக்கீங்க? ஓ, உள்ள இருக்கீங்களா."

"கிண்டல் பண்ணாம வேலையைப் பாருப்பா. இந்த முடியை என்ன பண்றது?"

சிங்காரம் கையை முடிக்குள்ள விட்டான். முழங்கை வரைக்கும் போச்சு. அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. கண்ணு பளிச்சுன்னு ஆச்சு. சடைச்சி அதைப் பரிதாபம்னு நினைச்சுக்கிட்டா.

"அக்கா, உள்ளதைச் சொல்லட்டா? இது சீவி அடங்குற முடி இல்லை. உங்களுக்கு டோப்பாதான் வழி. காலையில வச்சோமா, ராத்திரி கழட்டுனோமான்னு இருக்கணும்."

மொதல்ல சோளக்கதிர் குஞ்சத்துல செஞ்ச டோப்பாவை வச்சுப் பாத்தான். சடைச்சி யாரோ தின்னுட்டு மிச்சம் வச்ச சோளக்காடு மாதிரி இருந்தா. அடுத்தது தேங்காய் நார். உருண்டை எட்டிப் பாத்துட்டு, "அம்மா தேங்கா" ன்னான். மூணாவதா வாழைநாரைக் கிழிச்சு, கடுக்காய்ச் சாத்துல ஊற வச்சுக் கருப்பாக்கின டோப்பா. அடடா. கையில தூக்கிப் பிடிச்சப்பவே நேரா, வழவழன்னு, தண்ணி ஊத்தின மாதிரி இறங்குச்சு.

"இதுதான்" ன்னா சடைச்சி.

"ஆனா அக்கா, டோப்பா உக்காரணும்னா அடியில தரை சமமா இருக்கணும். இந்த முடி மேல வச்சா, புதர் மேல துணி காயப்போட்ட மாதிரி நிக்கும். இதைச் சிரைச்சிரணும். தலை, கழுத்து, தோளு, முதுகு எல்லாம்."

அந்த நேரம் பேச்சி வந்து சேர்ந்தா. விஷயத்தைக் கேட்டதும் முள்ளெல்லாம் நட்டுக்கிச்சு.

"ஏய், எல்லாத்தையும் எடுத்துட்டா உன் குட்டி எதைடி புடிக்கும்?"

"டோப்பாவைப் புடிக்கட்டும். அதுவும் முடிதானே."

"எதை வச்சு ஒட்டுறானாம்?"

"வேப்பம்பிசின்" ன்னான் சிங்காரம். "புயல் அடிச்சாலும் அசையாது. நீங்களே பாருங்க." டோப்பாவைப் பிசின் தொட்டு ஒரு கிளையில ஒட்டி, நுனியை ரெண்டு விரலால, பூப்பறிக்குற மாதிரி இழுத்துக் காட்டுனான். "அசையுதா?"

"அசையலையே" ன்னா சடைச்சி.

"நீ இழுத்த இழுப்புக்கு தும்பைப்பூ கூட அசையாது" ன்னா பேச்சி. ஆனா சடைச்சி காதுல ஏறலை. காதுக்கு மேலதான் அவ்வளவு முடி இருந்துச்சே.

சிங்காரம் கைதட்டுனான். பொந்துல இருந்து ரெண்டு எலி வந்துச்சு. அதுங்கதான் அவன் கத்தரிக்கோல். ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம், நறுக் நறுக்னு கடிச்சுக்கிட்டே போச்சு. நடுவுல பல்லுக்கு ஓய்வு குடுத்து, தண்ணி குடிச்சுட்டு, மறுபடி ஆரம்பிச்சுச்சு. பாதியில உள்ள இருந்து ஒரு பல்லி வந்து, "ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்" னு முணுமுணுத்துட்டு, குடும்பத்தோட வெளியேறுச்சு.

கடைசியில முடி ஒரு பக்கம் மலையாக் கிடந்துச்சு. சடைச்சி ஒரு பக்கம் உரிச்ச பனங்கிழங்கு மாதிரி உக்காந்திருந்தா.

"இந்தக் குப்பையை என்ன பண்ண?" ன்னு கேட்டா.

"நீங்க எதுக்கு அக்கா சிரமப்படணும், நானே கூட்டிப் போட்டுக்கிறேன்" னு சிங்காரம் ஒரு முடி விடாமப் பொறுக்கி மூட்டை கட்டுனான். குப்பையை இவ்வளவு அக்கறையாக் கூட்டுற ஆளை சடைச்சி பாத்ததே இல்லை. நல்ல பையன்னு நினைச்சு, கூலிக்கு மேல ஒரு தேனடையும் சேத்துக் குடுத்தா.

உருண்டை முதுகுல ஏறுனான். வழுக்குனான். மறுபடி ஏறுனான். பிடிக்க ஒண்ணும் இல்லை. கடைசியில டோப்பாவைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு, மெல்ல மோந்து பாத்தான்.

"அம்மா."

"என்னடா?"

"இது நீதானா?"

"பின்ன யாருடா?"

"பேசுனா நீ மாதிரி இருக்கு. மோந்தா வாழைமரம் மாதிரி இருக்கு."

"போகப் போகப் பழகிரும்."

கல்யாணத்தன்னைக்கு சடைச்சி மைதானத்துக்குள்ள நுழைஞ்சதும், எல்லாத் தலையும் திரும்புச்சு. கனகவல்லிக்கே அடையாளம் தெரியலை. "வாங்க, மாப்பிள்ளைக்கு என்ன வேணும் நீங்க?" ன்னு கேட்டுட்டா. மயில் ரெண்டு வந்து டோப்பாவைச் சுத்திச் சுத்திப் பாத்துச்சு. சடைச்சி ஓரமா உக்காரலை. நடுவுல, எல்லாருக்கும் தெரியுற மாதிரி உக்காந்தா. தலையை இந்தப் பக்கம் ஒருவாட்டி ஆட்டுவா, அந்தப் பக்கம் ஒருவாட்டி ஆட்டுவா. டோப்பாவுல தொங்கிக்கிட்டு இருந்த உருண்டையும் கூடவே ஊஞ்சலாடுனான்.

அப்பதான் இன்னொரு விருந்தாளி வந்துச்சு. வீராச்சாமின்னு ஒரு பிணந்தின்னிக் கழுகு. வழக்கமா அதை எந்தக் கல்யாணத்துலயும் சேக்க மாட்டாங்க. மொட்டைத் தலையும் சுருங்குன கழுத்துமா வந்து நின்னா மாப்பிள்ளைக்குப் பசி போயிரும்னு பேச்சு. ஆனா இன்னைக்கு அதோட தலையில முடி இருந்துச்சு. சாதாரண முடி இல்லை. கருகருன்னு, கம்பி கம்பியா, கழுத்து வரைக்கும் அடைசலா. பறக்கும்போது விழுந்துறக்கூடாதுன்னு தாடைக்கு அடியில கொடி போட்டு இறுக்கிக் கட்டியிருந்துச்சு.

"யாருப்பா அது! என்ன அடர்த்தி!"

"என்ன கருப்பு! இதெல்லாம் வாங்கிட்டு வந்த வரம்."

"அண்ணே, தலைக்கு என்ன தேய்க்கிறீங்க?"

கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் நகர்ந்துச்சு. மயில் ரெண்டும் போயிருச்சு. சடைச்சிக்கு வயிறு எரிஞ்சுது. அப்படியொரு முடி நமக்கு இருந்திருந்தா எப்படி இருக்கும்னு ஒரு பெருமூச்சு விட்டா. விட்டதுக்கு அப்புறம்தான், எங்கேயோ பாத்த மாதிரி இருக்கேன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு.

சந்தேகத்தை யோசிக்க நேரமில்லை. வெயில் ஏறிப் போச்சு. பிசின் உருக ஆரம்பிச்சுது. நெத்தியில ஒரு கோடு இறங்குச்சு. அதை மோந்துக்கிட்டு எறும்பு வரிசையா ஏறுச்சு. டோப்பாவுக்கு அடியில அரிக்குது. சொறிஞ்சா டோப்பா நகரும். சொறியலைன்னா உசுரு போகும். சடைச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டு, வர்றவங்ககிட்ட எல்லாம், "ஆமாக்கா, நல்லாருக்கேன்" னு சிரிச்சா. பக்கத்துல இருந்த பேச்சி, "ஏண்டி, கண்ணு ஏன் இப்படிச் சுழலுது?" ன்னு கேட்டா.

பதில் சொல்றதுக்குள்ள நாணல் ஆடுச்சு.

"சிறுத்தை!"

அவ்வளவுதான். பொண்ணு ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். பந்தி அப்படியே கிடக்க, காடே தெறிச்சு ஓடுச்சு.

"புடிச்சுக்கோ!" ன்னு கத்திட்டு சடைச்சி ஒரே பாய்ச்சலா ஓடுனா. முள்ளைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மேட்டுப்பாறையில ஏறித்தான் நின்னா. தலை லேசா, குளுகுளுன்னு இருந்துச்சு. நல்ல காத்துன்னு நினைச்சா.

"போதும்டா உருண்டை."

சடைச்சி தோளை ஒரு குலுக்கு குலுக்குனா.

"டேய், போதும்னு சொல்றேன்ல."

கையைப் பின்னாடி கொண்டு போனா. தோளு மொட்டையா இருந்துச்சு. முதுகு மொட்டையா இருந்துச்சு. தலையும் மொட்டையா இருந்துச்சு.

திரும்பிப் பாத்தா. மைதானத்துக்கு நட்டநடுவுல, காலியான கல்யாணப் பந்திக்கு நடுவுல, உருண்டை உக்காந்திருந்தான். ரெண்டு கையிலயும் டோப்பாவை இறுக்கிப் பிடிச்சிருந்தான். மூஞ்சியை அதுக்குள்ள புதைச்சிருந்தான். கண்ணு மூடியிருந்துச்சு. யாரும் 'போதும்'னு சொல்லலையே. அவன் இன்னும் அம்மா முதுகுலதான் ஓடிக்கிட்டு இருக்குறதா நினைச்சுக்கிட்டு இருந்தான்.

நாணலுக்கு வெளியில சிறுத்தை வந்து நின்னுச்சு. அதுக்கு அவசரமே இல்லை. தரையில தனியா ஒரு குட்டி. இதுக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்துச்சு.

சடைச்சி பாறையில இருந்து உருண்டு இறங்குனா. ஓடுனா. ஓடும்போதே தெரிஞ்சுது, இந்தத் தூரத்துக்குச் சிறுத்தைதான் முன்னாடி போய்ச் சேரும்னு. கத்தலாம்னா என்னன்னு கத்துறது? 'போதும்'னா எந்திரிச்சு நிப்பான். 'புடிச்சுக்கோ'ன்னா, அவன் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்.

மைதானத்துல இன்னொரு ஆளும் மிச்சம் இருந்துச்சு. வீராச்சாமிதான். கழுகு கனமான பறவை. நின்ன இடத்துல இருந்து எழும்ப முடியாது. தத்தித் தத்தி ஓடித்தான் மேல ஏறணும். அன்னைக்குப் பந்தியில ரெண்டுவாட்டி உக்காந்திருந்ததுனால இன்னும் கனம். "தள்ளு தள்ளு" ன்னு யாருமே இல்லாத மைதானத்துல கத்திக்கிட்டு, றெக்கையை அடிச்சுக்கிட்டு, உருண்டை பக்கமா ஓடி வந்துச்சு.

அது கிட்ட வந்ததும் அந்த முடி வாசம் உருண்டை மூக்குல பட்டுச்சு.

உருண்டை மோந்தான். வாழைமரம் இல்லை. இலுப்பை எண்ணெய், பழைய களிமண்ணு, கொஞ்சம் விளாம்பழம். அம்மா! கையில இருந்த டோப்பாவை விட்டான். கண்ணைத் திறக்கலை. திறக்கக்கூடாதே. வாசம் வந்த பக்கம் தாவி, ரெண்டு கையாலயும் முடியை இறுக்கிப் புடிச்சு, மூஞ்சியை உள்ள புதைச்சுக்கிட்டான்.

"ஐயோ, தலையில என்னடா இவ்வளவு கனம்!" ன்னு அலறுச்சு வீராச்சாமி. அலறுன வேகத்துல றெக்கையை இன்னும் நாலுவாட்டி அடிச்சுது. கால் தரையை விட்டு எழும்புச்சு.

அதே நேரம் சிறுத்தை பாய்ஞ்சுது. வாய் நிறையக் கவ்வுச்சு. கவ்வுனது டோப்பா. வெயில்ல உருகுன பிசின் மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேத்து ஒட்டிருச்சு. வாழைநார் கண்ணை மறைச்சுருச்சு. டோப்பா வச்ச சிறுத்தையா அது தடுமாறி நின்னப்போதான் சடைச்சி வந்து சேர்ந்தா. கையை ஓங்கி ஒரு அறை விட்டா. முடி போனாலும் கை போகலையே. சிறுத்தை சுருண்டு விழுந்து எந்திரிச்சு, 'ம்ம் ம்ம்'னு வாய் திறக்காமலே அழுதுக்கிட்டு, எதிர்ல வந்த மரத்துல எல்லாம் முட்டி முட்டி ஓடிருச்சு. அதுக்கப்புறம் அந்தக் குட்டைப் பக்கம் அது தலை வச்சுப் படுக்கலை.

வீராச்சாமி ரொம்பத் தூரம் போக முடியாம, பக்கத்துப் பாறை மேல பொத்துன்னு உக்காந்துச்சு. சடைச்சி மூச்சிரைக்க ஏறி வந்தா. உருண்டை இன்னும் புடிச்சுக்கிட்டே இருந்தான். விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு.

"போதும்டா," ன்னா சடைச்சி. "போதும் தங்கம்."

உருண்டை கண்ணைத் திறந்தான். கண்ணுக்கு முன்னாடி கழுகு மூஞ்சி.

"அம்மா, உனக்கு எப்ப மூக்கு இப்படி வளைஞ்சுச்சு?"

சடைச்சி சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. குட்டியை இழுத்து நெஞ்சோட வச்சுக்கிட்டா. முதுகுல வைக்கத்தான் வழியில்லையே.

பேச்சி மெதுவாப் பாறை ஏறி வந்து, வீராச்சாமியை மேலயும் கீழயும் பாத்தா.

"அண்ணே, இந்த டோப்பா எங்க வாங்குனது?"

"சிங்காரம்கிட்டதான் தாயி. அடுத்த மலையில இருந்து வந்த உசத்தி முடின்னு சொன்னான். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா காதுக்குப் பின்னாடி என்னமோ ஒண்ணு குத்திக்கிட்டே இருக்கு."

பேச்சி கையை விட்டுத் துழாவுனா. பாதி முள்ளு கையோட வந்துச்சு.

"அடியே சடைச்சி, இது என் முள்ளு. இது உன் முடி."

அப்பதான் சடைச்சிக்கு விளங்குச்சு. காலையில இருந்து தான் வயிறெரிஞ்சு பாத்தது தன்னோட முடியைத்தான்னு. வீராச்சாமிக்கு வெக்கமாப் போச்சு. தாடைக்கொடியை அவுத்துச்சு.

"இந்தா தாயி, எடுத்துக்கோ. உள்ளதைச் சொல்லணும்னா, எனக்கும் இது ஒத்து வரலை. நான் தலையை உள்ள விட்டுச் சாப்பிடுற ஆளு. முடியோட சாப்பிட்டா, அடுத்த வேளை வரைக்கும் வழிச்சுக்கிட்டு இருக்கணும். மொட்டைன்னா, ஒரு உதறு உதறுனாப் போதும்."

சடைச்சி தன் முடியையே டோப்பாவாத் தலையில வச்சு, தாடைக்கு அடியில கொடி போட்டு முடிச்சுப் போட்டுக்கிட்டா. உருண்டை ஏறி, மோந்து பாத்து, "இது நீதான்" ன்னுட்டுத் தூங்கிட்டான். சொந்த முடி வளர்ற வரைக்கும் அவ அப்படியேதான் திரிஞ்சா. வளர்ந்து திரும்ப புதர் ஆனதும் அந்தத் தவிட்டுக்குருவி மறுபடி வந்துச்சு. இந்தவாட்டி ஒரு புழு கொண்டு வந்துச்சு.

சிங்காரம்? அன்னைக்கு ஆலமரத்து உச்சியில ஏறுனவன்தான். சடைச்சி கீழ வந்து, "தம்பி, கொஞ்சம் இறங்கி வா, பேன் பாக்கணும்" னு ரொம்ப அன்பாக் கூப்பிட்டுத்தான் பாக்குறா. வால் மட்டும்தான் தெரியுது.

நமக்குத் தொந்தரவாத் தெரியுற ஒண்ணை அறுத்துப் போடுறதுக்கு முன்னாடி, அதை நம்பி யாராவது பிடிச்சுக்கிட்டு இருக்காங்களான்னு ஒருவாட்டி முதுகுப் பக்கம் திரும்பிப் பாத்துக்கணும்.